நெல்லிமரத்தூர் லைனில் ஒரு வளைவு

போன மாதம் எங்கள் பழைய கரண்ட் ஆபீசிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர். ஏ.இ. என்று சொல்வோம். இளைஞர். எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சார், நீங்க நெல்லிமரத்தூர் பக்கம் லைன் இன்ஸ்பெக்டரா இருந்தவருதானே? அந்த லைன் மேட்டுக்கு மேடு நேரா போயிருக்கலாம். நடுவுல ஒரு பள்ளத்து கொல்லைய சுத்திக்கினு வளைஞ்சி போவுது. பாறை இல்ல, கோயில் இல்ல, வூடும் இல்ல. வெறும் சாமை வெதச்சி வெச்சிருக்காங்க. எதுக்கு சார் அந்த வளைவு?"

"அங்க ஒரு பனை இருந்துச்சி தம்பி."

"இப்ப இல்லியே சார்."

"ஆமா, இப்ப இல்ல."

கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். பழைய போஸ்ட்களை மாற்றி லைனைப் புதிதாக இழுக்கப் போகிறார்களாம். அப்படியே நேராக்கிவிட்டால் போஸ்டும் மிச்சம், இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பியும் மிச்சம். அவர் கேட்டதில் தப்பில்லை. "ஒருநாள் வாங்க, கூட்டிட்டு போய் காட்டறேன்" என்று சொல்லி வைத்தேன். போனை வைத்த பிறகு மனசு அந்தப் பள்ளத்துக் கொல்லையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. லைனைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுதப் பனைதான் வருகிறது.

நான் ஒடுகத்தூர்க்காரன். ஹெல்பராகச் சேர்ந்து, குழி தோண்டி, போஸ்ட் தூக்கி, வயர்மேன் ஆகி, லைன்மேன் ஆகி, கடைசியில் லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். வேலைக் காலத்தில் பெரும்பகுதி ஜவ்வாது மலையில்தான் போனது. கரண்ட் ஆபீஸ்காரன் என்றால் கம்பியோடு மல்லுக்கட்டுகிறவன் என்று ஊரில் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி வேலை மரத்தோடுதான். மழைக்கு முன்னால் லைன் ஓரமாகப் போய், கம்பியைத் தொடும் கிளைகளைக் கழிக்க வேண்டும். புங்கனை வெட்டினால் துளிர்க்கும். வேம்பை மொட்டையடித்தால் அடுத்த வருஷம் முன்னைவிடச் செழிப்பாக நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும். பனை ஜாதி மட்டும் அப்படி இல்லை. அதற்கு ஒரே குருத்து. அந்தக் குருத்து போனால் மரமே போச்சு. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் அதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்கள்: "ஓரத்து மட்டைய கழி, உச்சிய தொடாத."

ஏன் தொடக்கூடாது என்று யோசிக்கப் போய்த்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. ஒரு மரம் தன் மொத்த உயிரையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு எப்படித் தைரியமாக நிற்கிறது? பார்க்கப் பார்க்க ஆசை கூடியது. மலை ஓடை ஓரங்களில் கூந்தல்பனை. கல்யாண வாசலில் சடை சடையாகக் குலை தொங்கவிடுவார்களே, அதுதான். அது உச்சியில் முதல் குலையைத் தள்ளிவிட்டால் அதோடு வளர்த்தி நின்றுவிடும். பிறகு மேலிருந்து கீழாகக் குலை விட்டுக்கொண்டே வந்து, கடைசிக் குலை பழுத்ததும் செத்துப்போகும். காட்டில் இடுப்பளவு நிற்கும் ஈச்சம் செடியும் பனை ஜாதி. பிரம்பும் பனை ஜாதி! பள்ளிக்கூடத்தில் என் முதுகு பார்த்த முதல் பனை அதுதான் என்று தெரிந்த அன்று எனக்கு ஒரே சிரிப்பு.

உடைந்த வாளி, பழைய ஆயில் டின், சிமெண்டுத் தொட்டி எதையும் விடவில்லை, எல்லாவற்றிலும் ஒரு விதை போட்டேன். பனை ஜாதி விதைக்கு அவசரம் கிடையாது. மாதக்கணக்கில் மண்ணுக்குள் சும்மா கிடக்கும். பொறுமை இல்லாமல் விதையை இழுத்துப் பார்த்தால், அடியில் வால்போல் இறங்கியிருக்கும் முளை பட்டென்று முறிந்துவிடும். பனங்கிழங்கு தோண்டியவர்களுக்குத் தெரியும், கொட்டை ஒரு இடம், முளை ஒரு இடம். முளைத்து வரும் முதல் இலை பலவற்றுக்கும் ஒரே மாதிரி, புல்தான். எது பனை, எது ஈச்சம் என்று அப்போது சொல்கிறவன் பொய் சொல்கிறான். ஒருமுறை கூந்தல்பனைப் பழத்தை வெறுங்கையால் பிசைந்து விதை எடுத்தேன். அந்தப் பழத்தின் சாறு பட்டால் தோல் பற்றிக்கொண்டு அரிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. கிணற்றடியில் நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து என் மனைவி சரோஜா, "கரண்ட்ட தொட்டப்பகூட நீங்க இப்டி குதிக்கலியே" என்றாள்.

இப்படி எனக்குப் பனை பற்றிக் கொஞ்சம் தெரியும் என்ற நினைப்பு வந்திருந்த நேரத்தில்தான் சின்னபாப்பாவின் மரத்தடிக்குப் போனேன்.

நெல்லிமரத்தூர், மலையில் ஒரு சின்ன ஊர். ஜீப் நிற்கிற இடத்திலிருந்து ஏறி நடக்க வேண்டும். ஊருக்கு வரும் உயரழுத்த லைன், ஒரு மேட்டிலிருந்து எதிர்மேட்டுக்கு ஒரே தாவாகத் தாவும். இடையில் பள்ளம். பள்ளத்தில் சின்னபாப்பாவின் சாமைக் கொல்லை. கொல்லை நடுவில் ஒற்றையாக ஒரு பனை, அடிமரம் இருவர் கட்டிப்பிடிக்கும் பருமன். உச்சி மட்டைகள் கம்பியை எட்டிப் பார்க்கிற அளவுக்கு வளர்ந்திருந்தன.

சின்னபாப்பாவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயசு. களைக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"கரண்டுக்காரரே, ஓரத்து மட்டைய மட்டும் கழிங்க. குருத்த தொட்டீங்க, இறங்கி வர வுட மாட்டேன்."

"தொட மாட்டோம்மா. எங்களுக்கும் தெரியும்."

"எல்லாம் தெரியுமா? அப்ப இது இன்னா மரம், சொல்லுங்க."

"பனைதாம்மா."

"பனைன்னா நுங்கு எங்க?"

"ஆண் பனையா இருக்கும்."

"ஆண் பனைன்னா பாளை வுடும்ல? எங்கப்பன் பொறந்ததுல இருந்து பாத்துக்கினு இருந்தாரு. நுங்கும் இல்ல, பாளையும் இல்ல. இது இன்னா மரம்?"

நான் தலையைச் சொறிவதைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. கேள்வி கேட்டே பலரை மடக்கியிருப்பார் போலிருக்கிறது.

அந்த மரம் அந்தக் குடும்பத்துக்கு ஒரு தொல்லை. அதன் நிழலில் சாமை சரியாக வராது. காய்ந்த மட்டை விழுந்தால் மாடு செத்துப்போகும், அத்தனை கனம். ஓலை வேய்வதற்கு ஆகலாம், ஆனால் ஊரில் இப்போது ஓலை வீடு ஏது? சின்னபாப்பாவின் தம்பி வெள்ளையன் அதை வெட்டச் சொல்லி வருஷா வருஷம் சண்டை போடுவாராம். அவர்கள் அப்பா வெட்டவில்லை. "ஒருவாட்டி காய்க்கட்டும், இன்னான்னு பாத்துட்டு வெட்டலாம்" என்று சொல்லிச் சொல்லியே காலம் தள்ளி, பார்க்காமலே கண்ணை மூடிவிட்டார். கொல்லை மகளுக்கு வந்தது. கூடவே கேள்வியும் வந்தது.

அன்று கழித்த மட்டையில் ஒன்றை எங்கள் ஆட்கள் இருவர் தூக்கிக்கொண்டு வர, ஜீப் மேலே கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஓலை ஜீப்பையே மூடிவிட்டது. சரோஜா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பந்தலையே பிரிச்சி எடுத்தாந்துட்டீங்களா?" என்று கேட்டாள். பக்கத்தில் ஒரு பனை மட்டையை வெட்டிப் போட்டு இரண்டையும் ஒப்பிட்டேன். பனையில் மட்டை ஓலைக்குள் கொஞ்சம் நுழைந்து நின்றுவிடும். இதில் அது ஓலையின் பாதியைத் தாண்டியும் எலும்பு போல ஓடி, வில்லாக வளைந்திருந்தது. அடியில் இரண்டு பக்கமும் காது மாதிரி மடல். மட்டை ஓரத்தில் ரம்பப்பல் போன்ற கருக்கு இருந்தது, ஆனால் பனங்கருக்கு அளவுக்கு அறுக்கவில்லை. கணியம்பாடியில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் ஒருவரோடு எனக்கு விதை கொடுத்து வாங்கும் பழக்கம். அவருக்குப் படம் அனுப்பினேன். "பனைதாங்க, ஊட்டமா வளந்திருக்குது" என்றார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அந்த வாரமே அவரை வீட்டுக்கு வரவழைத்து ஓலையைக் காட்டினேன். குனிந்து அந்தக் காது மடலைத் தொட்டுப் பார்த்தவர், "யோவ், இது தாளிப்பனைய்யா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தாளிப்பனையைக் குடைப்பனை என்றும் சொல்வார்கள். ஒரு ஓலையைப் பிடித்தால் ஒரு குடும்பமே மழைக்கு ஒதுங்கலாம். அது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூக்கும். பல பத்து வருஷம் சேர்த்த சத்தையெல்லாம் உச்சியில் ஒரே பூவாக எழுப்பும். ஒரு வருஷம்போல் எடுத்துக்கொண்டு காய்த்துக் கொட்டும். அப்புறம் செத்துவிடும். இந்த மலைக்கு அதை யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று நான் விசாரிக்காத ஆள் இல்லை. இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த முறை போனபோது சின்னபாப்பாவிடம் சொன்னேன். அவர் கொத்தைக் கீழே வைத்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஒரே தடவையா?"

"ஒரே தடவைதான்."

"எப்ப?"

"அது தெரியாதும்மா. நாளைக்கும் பூக்கலாம், நாம போனப்புறமும் பூக்கலாம்."

"பூத்தா செத்துருமா?"

"காய்ச்சிட்டு செத்துரும்."

"செத்தா சாவட்டும். இன்னான்னு காட்டிட்டு சாவட்டும். எங்கப்பன் பாக்காம போய்ட்டாரு, நான் வுடறதா இல்ல."

அதற்குப் பிறகு எனக்கும் அதே நோய். நெல்லிமரத்தூர் பக்கம் எந்த வேலை வந்தாலும் நானே போவேன். போனதும் முதலில் உச்சியைத்தான் பார்ப்பேன்.

இந்த இடத்தில் பிரேமா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கடைசிக் காலத்தில் எங்களுக்கு ஏ.இ. ஆக இருந்தவர். செங்கத்துக்காரர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எல்லாரையும் பெயர் சொல்லி 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் 'அண்ணா' என்பார். "இன்னா அண்ணா இது" என்று அவர் மெதுவாகக் கேட்டுவிட்டால் செய்த வேலையை முதலிலிருந்து மறுபடி சரிபார்ப்போம்.

லைனில் ஏறுவதற்கு முன் வாங்க வேண்டிய அனுமதிக்கு எல்.சி. என்று பெயர். சப்ஸ்டேஷன் ஆபரேட்டருக்குப் போன் செய்து, எந்த லைன், என்ன வேலை, யார் ஏறுகிறார் என்று சொல்ல வேண்டும். அவர் கரண்டை நிறுத்திவிட்டு ஒரு நம்பர் தருவார். மற்ற இடங்களில் அதைக் குறித்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். மேடம் விட மாட்டார். நம்பரை நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும், லைன் பெயரை ஆபரேட்டர் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் போஸ்டில் இருக்கும் சுவிட்சைக் கையால் இறக்கி, பூட்டுப் போட்டு, சாவி ஏறுகிறவர் சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும். "மேல இருக்கறவரு உயிரு அவரு பாக்கெட்லயே இருக்கட்டும்" என்பார். அதற்குப் பிறகு டிஸ்சார்ஜ் ராடு. கம்பியில் மிச்சம் மீதி இருக்கும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் கருவி. மாட்டும்போது முதலில் மண், அப்புறம் கம்பி. கழற்றும்போது முதலில் கம்பி, அப்புறம் மண். மாற்றிச் செய்தவர்கள் கதை எல்லா ஆபீசிலும் ஒன்று உண்டு. இத்தனையும் முடிந்து ஆள் ஏறி இறங்கும்வரை மேடம் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு கீழேயே நிற்பார்.

அவரிடம் இன்னொரு பழக்கம். எதைச் சொன்னாலும் சரி என்றோ முடியாது என்றோ உடனே சொல்ல மாட்டார். "அப்புறம் இன்னா ஆவும்?" என்று கேட்பார். பதில் சொன்னால், "அதுக்கு அப்புறம்?" இப்படியே போய் நாம் மூச்சு வாங்கும் இடத்தில்தான் முடிவு சொல்வார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், மழைக்கு முன்னால் மட்டை கழிக்கப் போனோம். வழக்கம்போல் முதலில் உச்சியைப் பார்த்தேன். புது மட்டைகள் சின்னதாகிவிட்டிருந்தன. குருத்து இருக்க வேண்டிய இடத்தில், தடித்த கூர்முனை ஒன்று கிளம்பியிருந்தது. அது மேலே போகும் வழியில் நேராக எங்கள் கம்பி.

சின்னபாப்பா ஓடி வந்தார். "வந்துடுச்சா? இதானா?"

"இதாம்மா" என்றேன். அடுத்த நொடியே கம்பியைப் பார்த்தேன்.

சட்டம் தெளிவானது. கம்பியைத் தொடப்போகும் எதையும் வெட்ட வேண்டும். மழையில் பூ கம்பியைத் தொட்டால் மரம் வழியாகக் கரண்ட் இறங்கும். அடியில் மாடு நின்றாலும் மனுஷன் நின்றாலும் போச்சு. லைன் நின்றால் ஊர்த் தண்ணீர் மோட்டாரும் நிற்கும். வெள்ளையன் அன்றே ஊர்க்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "எங்கக்காளுக்குதான் கிறுக்கு. நீங்க கெவுருமெண்டு ஆளுங்க, வெட்டிப்போட்டு போங்க" என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. நான் மேடத்துக்குப் போன் செய்தேன்.

மறுநாளே மேடம் ஏறி வந்தார். மரத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பூவுக்கும் கம்பிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார்.

"இது இன்னும் எவ்வளோ ஏறும்?"

"ஒரு போஸ்ட் உயரத்துக்கு ஏறும்னு சொல்றாங்க மேடம். கம்பிய தாண்டிடும்."

"வெட்டலைன்னா அப்புறம் இன்னா ஆவும்?"

"பூக்கும், காய்க்கும்."

"அதுக்கு அப்புறம்?"

"செத்துரும் மேடம்."

"பூவ மட்டும் வெட்டினா?"

"அப்பவும் செத்துரும்."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வெட்டினாலும் சாவும், வெட்டலைன்னாலும் சாவும். வித்தியாசம் இன்னா அண்ணா?"

'அண்ணா' என்று வந்ததும் நான் ஒடுங்கிவிட்டேன். பதில் சொன்னது சின்னபாப்பாதான்.

"வெட்டலைன்னா இன்னான்னு தெரியும் மேடம்."

மேடம் அவரைப் பார்த்தார். குடை முனையால் மண்ணில் ஒரு கோடு இழுத்தார். அந்த மேட்டுக்கும் இந்த மேட்டுக்கும் நேர்கோடு. நடுவில் ஒரு புள்ளி, அது மரம். புள்ளியைச் சுற்றி இன்னொரு கோடு, வளைவாக. "அடிவாரத்து லைன மாத்தினப்ப கழட்டின போஸ்ட் நம்ம ஆபீஸ் பின்னால கெடக்குது இல்லீங்களா? நல்ல போஸ்ட்தான். இந்த ஓரத்துல நட்டு, ஸ்டே கட்டி சுத்தி இழுத்துடலாம். மேல சொல்லி பெர்மிஷன் வாங்கறது என் வேலை. ஆனா லாரி ஜீப் நிக்கற எடம் வரைக்கும்தான் வரும். அங்கேர்ந்து தூக்கறதுக்கு ஆள் வேணும்."

கான்கிரீட் போஸ்டைத் தோளில் தூக்கி மலை ஏறுவது விளையாட்டு இல்லை. அந்த ஊருக்கு முதன்முதலாகக் கரண்ட் வந்தபோது ஊரே சேர்ந்து அப்படித்தான் தூக்கி வந்ததாம். அது வெளிச்சத்துக்காக. ஒரு மரத்தின் பூவுக்காக யார் தூக்குவார்கள்? வெள்ளையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் வர மாட்டேன்" என்று போய்விட்டார்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. நீ என் கொல்லைக்கு ஒருநாள் வேலைக்கு வந்தால், நான் உன் கொல்லைக்கு ஒருநாள் வருவேன். கூலி கிடையாது, ஆளுக்கு ஆள். சின்னபாப்பா வீடு வீடாகப் போனார். "போஸ்ட் தூக்க ஒரு ஆள் குடு. இந்த பூவுக்கு உன் கொல்லைக்கு களை எடுக்கவும் அறுக்கவும் நான் வர்றேன்" என்று சொன்னார். மலையில் ஒரு பூ என்றால் ஒரு விளைச்சல். அவர் கொடுத்த வாக்கை எல்லாம் கூட்டினால் அந்தப் பூ முழுக்க அவர் கொல்லையில் அவரே நிற்க முடியாது. அது அவருக்கும் தெரியும், வாக்கு வாங்கிய வீடுகளுக்கும் தெரியும்.

ஆனால் குறித்த நாளில் ஆட்கள் வந்தார்கள். கயிறும் உருட்டுக்கட்டையும் கொண்டுவந்தார்கள். "ஏலேலோ" எல்லாம் யாரும் பாடவில்லை, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டேதான் தூக்கினார்கள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் போஸ்டின் பின்முனையில் வெள்ளையன் தோள் கொடுத்திருந்தார். நான் பார்ப்பதைக் கண்டு, "எனக்கு மட்டும் பாக்கணும்னு இருக்காதா?" என்று முறைத்தார்.

லைன் மாற்றிய அன்று மேடம் காலையிலேயே வந்துவிட்டார். நம்பரைத் திருப்பிச் சொல்லி, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் போட்டு, மண்ணில் ராடு அடித்து, எல்லாம் வழக்கம் போல. பழைய கம்பியை இறக்கும்போது அந்தக் கூர்முனைக்கும் கம்பிக்கும் இடையில் என் கை நுழையும் அளவுதான் இடம் இருந்தது. கம்பி பூவில் படாமல் தள்ளிப் பிடிக்க மரத்தில் ஏறி நின்றிருந்த நான் எட்டி அதைத் தொட்டுப் பார்த்தேன். உரித்த சோளக்கதிர் போல வழவழப்பாக இருந்தது. கீழிருந்து மேடம், "இன்னா அண்ணா அங்க பண்றீங்க?" என்றார். உடனே வேலையைப் பார்த்தேன்.

சாயங்காலம் புது வழியில் கரண்ட் வந்தது. மோட்டார் ஓடியது. அதன் பிறகு மரம் தன் வேலையைத் தொடங்கியது.

அந்தப் பூவை எப்படிச் சொல்வது? உச்சியில் இன்னொரு மரம் முளைத்தது போல இருந்தது. கிளை கிளையாக விரிந்து, வெளுத்த மஞ்சளாக, வானத்தை மறைத்து நின்றது. மலைத்தேனீ அத்தனையும் அங்கே கூடிவிட்டது. வாசனை மட்டும் அப்படி ஒன்றும் நன்றாக இல்லை. அடிவாரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து படம் எடுத்தார்கள். பிரேமா மேடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வந்து, குடையைக்கூட விரிக்காமல் வெயிலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். சின்னபாப்பாவைப் பார்க்கத்தான் முடியவில்லை. அடுத்தவர் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். மதியச் சோற்றுக்கு வரும்போது அண்ணாந்து பார்ப்பார், சாப்பிடுவார், திரும்ப ஓடுவார்.

நடுவில் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டு அனுப்பினார்கள். அடுத்த வாரமே பஸ் பிடித்து நெல்லிமரத்தூர் போனேன். மட்டைகள் தொங்கிவிட்டிருந்தன. கிளை முழுக்கப் பச்சைக் காய், சின்ன எலுமிச்சை அளவில், கொத்துக் கொத்தாக.

முதல் காய் உதிர்ந்த சேதி வந்ததும் மறுபடி போனேன். சின்னபாப்பா அதை வீட்டில் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார். நான் வரும்வரை காத்திருந்தாராம். வெள்ளையன், அக்கம்பக்கத்தார், எல்லாரும் கொல்லையில் கூடிவிட்டார்கள்.

"தின்னாதீங்கம்மா. நல்லதில்லன்னு சொல்றாங்க. இத்த இடிச்சி தண்ணில போட்டா மீன் மயங்குமாம்" என்றேன்.

"தின்னல. நக்கிதான் பாக்கறேன்."

கத்தியால் கீறி, சதையில் நுனி நாக்கை வைத்தார். முகம் எட்டுக் கோணலாகியது. "தூ!" என்று துப்பினார்.

"கசப்பு! ஒண்ணுத்துக்கும் ஆவாது இது."

வெள்ளையன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இதுக்கா எங்களை போஸ்ட்டு தூக்க வெச்ச? ஒரு பூ முழுக்க ஊரான் கொல்லையில வெந்த?"

"ஆமாடா, இதுக்குதான்." சின்னபாப்பா வாயைத் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எங்கப்பன் சாவறவரைக்கும் இது இன்னா, இன்னான்னு கேட்டுக்கினே இருந்தாரே. கசப்பு. இப்ப தெரிஞ்சிச்சில்ல?"

சிரிப்பு எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவர் அழுதார் என்றும் நினைக்கிறேன். நானும்தான்.

காய் எல்லாம் கொட்டி முடிந்ததும் மரம் செத்தது. காய்ந்து சாயும் முன் வெட்டிப் போட்டார்கள். கொல்லை வெயிலுக்குத் திறந்துகொண்டது, சாமை நன்றாக வந்தது. லைன் மட்டும் எதையோ சுற்றிக்கொண்டு போவது போல வளைந்தே நின்றது.

போன வாரம் அந்த இளம் ஏ.இ.யை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் கையில் அளவு டேப்போடு, மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டு வந்தார். கொல்லையில் இறங்கியதும் சின்னபாப்பா எங்களை வரப்போரமாகச் சுற்றிவரச் சொன்னார். மரம் நின்ற அதே இடத்தில் முள் வெட்டி வேலி போட்டிருந்தது. உள்ளே முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று. புல் மாதிரி வந்த முதல் இலைகள் ஓரத்தில் பழுத்திருந்தன. நடுவில் முதல் விசிறி மடிப்பு விரிந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை இந்த அம்மா.

ஏ.இ. கன்றைப் பார்த்தார், மேலே பார்த்தார், கணக்குப் போட்டார்.

"ஏம்மா, இது பூக்கறப்ப நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன். காயும் கசப்புன்னு சார் சொல்றாரு. கொல்லைக்கும் நிழலு. இப்பவே எடுத்துட்டா லைன நேரா இழுத்துடலாமே?"

சின்னபாப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னான்னு தெரியாதப்பவே எங்கப்பன் வெட்டல. தெரிஞ்சப்புறம் நான் வெட்டுவனா?"

ஏ.இ. வேலிக்கு வெளியில் குந்தி உட்கார்ந்து, அந்தக் கன்றின் மட்டையை விரலால் தடவி, "சார், அந்த காது மாதிரி இருக்கும்னீங்களே, அது எங்க?" என்று என்னைக் கேட்டார். டேப்பை அவர் விரிக்கவே இல்லை.